கணக்கு முடிந்தது, படம் பார்க்கப் பணம் கட்ட வேண்டுமா?

ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, எங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் ஃபைனைட் எலிமெண்ட் முறை. கணக்கு முடிந்ததும் கையில் மிஞ்சுவது லட்சக்கணக்கான எண்கள். அவற்றைப் படமாக்கிப் பார்க்கும் சாஃப்ட்வேர் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: எம்.இ. படிக்கிறேன். காலேஜ் லேபில் அபாகஸ் என்ற ஃபைனைட் எலிமெண்ட் சாஃப்ட்வேர் இருக்கிறது. ஜூன் மாதத்தோடு படிப்பு முடிகிறது. 36 ரன்களின் ரிசல்ட்டை ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்திருக்கிறேன். பேப்பருக்குப் படம் எடுக்க ஏதாவது சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா? காசு கொடுத்து வாங்கியதில் எடுத்த படத்தைத்தான் ஜர்னல்களில் ஏற்பார்கள் என்று சீனியர் ஒருவர் சொல்கிறார்.

எதையும் வாங்க வேண்டாம். ஆனால் ஜூன் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருப்பது அபாகஸ் தன் ரிசல்ட்டை எழுதிவைக்கும் ஓ.டி.பி. கோப்புகள். அபாகஸோடு வரும் லைப்ரரி இல்லாமல் அவற்றைத் திறக்க முடியாது. லேப் வாசல் மூடியபின் அந்த 36 கோப்பும் சாவி தொலைந்த பெட்டிதான். அதனால் இந்த வாரமே லேபில் உட்கார்ந்து, அபாகஸுக்குள் ஓடும் பைதான் நிரல்மொழி வழியாக நோடுகள் (துண்டுகள் சந்திக்கும் புள்ளிகள்), எலிமெண்ட்கள் (துண்டுகள்), இடப்பெயர்ச்சி, ஸ்ட்ரெஸ் (அழுத்தம்) எல்லாவற்றையும் வி.டி.யு. என்ற திறந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெஸ்ஸை நோடு மதிப்பாக மட்டும் எடுக்காமல் எலிமெண்ட் மதிப்பாகவும் சேர்த்து எடுங்கள். எதற்கு என்பது அடுத்த பதிலில் புரியும்.

அதன்பின் பாராவியூ என்ற, ரிசல்ட்டைப் படமாக்கும் சாஃப்ட்வேர் போதும். அமெரிக்காவின் கிட்வேர் நிறுவனமும் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் சேர்ந்து 2000-இல் தொடங்கிய வேலை இது. 2002-இல் முதல் வெளியீடு வந்தது. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. உலகின் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் மையங்கள் பலவற்றில் இதை வைத்துப் படம் பார்க்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளிலும் தாராளமாக வருகிறது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கட்டுரையில் குறிப்பிட்டால் போதும். சீனியர் சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

36 ரன் என்கிறீர்களே, அங்கேதான் கமாண்ட் லைன் கைகொடுக்கும். மவுஸ் பிடித்து 36 முறை ஒரே கோணத்தில் திருப்ப யாராலும் முடியாது. முதல் கோப்பை மட்டும் பாராவியூவில் திறந்து, டூல்ஸ் மெனுவில் ‘ஸ்டார்ட் ட்ரேஸ்’ கொடுங்கள். நிறம், கோணம், படத்தின் அளவு எல்லாம் வைத்து, ஒரு படம் சேமித்துவிட்டு ட்ரேஸை நிறுத்துங்கள். நீங்கள் செய்த ஒவ்வொன்றும் பைதான் வரிகளாக எழுதப்பட்டு வந்து நிற்கும். அதில் கோப்பின் பெயர் வரும் வரியை ஒரு லூப்புக்குள் போட்டு, டெர்மினலில் பிவிபேட்ச் என்ற கட்டளையோடு ஓட விட்டால் 36 படமும் ஒரே அளவில், ஒரே கோணத்தில் ஃபோல்டரில் வந்து விழும். ‘எழுத்து சின்னதாக இருக்கிறது’ என்று கைடு திருப்பி அனுப்பினாலும் கவலை இல்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அந்த ஸ்கிரிப்ட்டை ரிசல்ட் கோப்புகளோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது கேட்டாலும் அதே படத்தை எடுத்துக் கொடுக்கலாம்.

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் வார்க்கும் சிறிய பட்டறை எங்களுடையது. ஒரு பிராக்கெட்டுக்கு வெளியாளிடம் பணம் கொடுத்து அனாலிசிஸ் செய்தோம். பழைய டிசைனில் மூலையெல்லாம் சிவப்பு. புது டிசைனில் சிவப்பு கொஞ்சம்தான். அதை நம்பிப் புது பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) செய்யலாமா? ரிப்போர்ட் படங்களை இணைத்திருக்கிறேன்.

பேட்டர்ன் ஆர்டரை ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நிறப்பட்டை இருக்கிறது, பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள். பழைய டிசைனில் சிவப்பின் உச்சி 182 மெகாபாஸ்கல். புது டிசைனில் அதே சிவப்பு 264. அதாவது, பழைய படத்தில் அடர்சிவப்பாகத் தெரிந்த 182 என்ற அழுத்தம், புதுப் படத்தில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். சிவப்பு குறைந்தது நிஜம். அழுத்தம் குறைந்ததா என்பது இந்தப் படங்களிலிருந்து தெரியவில்லை. செய்தவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. இந்த மாதிரி மென்பொருள்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கோப்பின் குறைந்த, அதிக மதிப்புக்கு ஏற்ப நிறத்தைத் தானாகவே நீட்டிவிடும். கவனிக்காமல் அப்படியே சேமித்திருப்பார். ஆனால் வார்ப்புக்குக் காசு போடப்போவது நீங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 264 உள்மூலையில் ஒரே ஒரு புள்ளியில்தான் இருக்கிறது. வளைவு கொடுக்காமல் கூர்மையாக வரைந்த உள்மூலையில் மெஷ்ஷை, அதாவது துண்டுகளின் வலையை, பொடியாக்க ஆக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும். ஓர் எல்லையில் நிற்காது. அது உலோகத்தின் குணமில்லை, கணக்கின் குணம். உங்கள் வார்ப்பில் அந்த மூலைக்குக் கட்டாயம் ஒரு ரேடியஸ் இருக்கும். அந்த ரேடியஸை வைத்து மறுபடி கணக்குப் போட்டால்தான் புது டிசைன் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

அவரிடம் இப்படிக் கேளுங்கள்: மூலைக்கு ரேடியஸ் கொடுத்து இரண்டு டிசைனையும் ஓட்டி, இரண்டுக்கும் ஒரே நிற எல்லை வைத்துப் படம் தர வேண்டும். ஸ்கிரிப்ட்டில் ‘பூஜ்யம் முதல் 270 வரை’ என்று ஒரே வரியில் பூட்டிவிடலாம். படம் எடுக்கிற வேலை அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. மெஷ் துண்டுகளின் அளவைப் பாதியாக்கி இன்னொரு முறையும் ஓட்டச் சொல்லுங்கள்; எண் பெரிதாக மாறாமல் இருந்தால் நம்பலாம்.

ஸ்ட்ரெஸ் சராசரி எடுத்ததா, எடுக்காததா என்றும் கேளுங்கள். கணக்கில் ஸ்ட்ரெஸ் பிறப்பது ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே. அதை ஓரங்களுக்குக் கொண்டுவந்து, பக்கத்துத் துண்டுகளோடு சராசரி போட்டால் படம் வழவழவென்று அழகாக இருக்கும். சராசரி போடாத படத்தில் துண்டுக்குத் துண்டு நிறம் தாவும். தாவல் பெரிதாக இருக்கிற இடத்தில் மெஷ் போதவில்லை என்று அர்த்தம். அழகில்லாத அந்தப் படம்தான் உங்களுக்கு உதவும்.

ரிப்போர்ட்டில் பிராக்கெட் வில்லாய் வளைந்திருக்கிறதே என்று பயந்திருக்கிறீர்கள். அது கண்ணுக்குத் தெரிவதற்காகப் பெருக்கிக் காட்டியது. எத்தனை மடங்கு என்று படத்தின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். 200 மடங்கு என்றால், படத்தில் 10 மில்லிமீட்டர் நகர்ந்தது போலத் தெரிவது உண்மையில் 0.05 மில்லிமீட்டர்.

அடுத்த முறை வேலை கொடுக்கும்போது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ‘வி.டி.யு. கோப்புகளும், படம் எடுத்த ஸ்கிரிப்ட்டும் சேர்த்துத் தர வேண்டும்’ என்று எழுதிவிடுங்கள். பி.டி.எஃப். மட்டும் வாங்கினால் நீங்கள் வாங்கியது வெறும் படம். கணக்கு அவரிடமே இருக்கிறது.

கேள்வி: இந்த மாதிரி ரிசல்ட் பார்க்க கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். 10 லட்சம் நோடு வரை போகும். வாங்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நோடுக்கு இடப்பெயர்ச்சி 3 எண், ஸ்ட்ரெஸ் 6 எண், ஆக 9. ஒவ்வொன்றும் 8 பைட். 10 லட்சம் நோடுக்கு 72 எம்.பி. நூறு டைம் ஸ்டெப் (கணக்கின் நேரப் படிகள்) இருந்தால் 7.2 ஜி.பி.; ஆனால் பாராவியூ பொதுவாக அந்தந்த நேரத்துக்குத் தேவையான ஸ்டெப்பை மட்டுமே படிக்கும். வரைவதும் பொருளின் வெளித்தோலை மட்டும்தான். சாதாரண லேப்டாப்பில் உள்ள இன்டெக்ரேட்டட் கிராஃபிக்ஸே இதற்குப் போதும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கிற பணத்தை ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் மாற்றுங்கள். கணக்கையே லேப்டாப்பில் ஓட்டுவதாக இருந்தால் 32 ஜி.பி. ரேம் பாருங்கள், ஏனென்றால் கணக்கைப் போடும் நிரலான சால்வர்தான் ரேமை விழுங்கும். ரேம் போர்டோடு ஒட்டப்பட்டதா, பின்னால் ஏற்ற முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். கணக்கு காலேஜ் சர்வரில் ஓடுகிறது என்றால் டேட்டாவை வீட்டுக்குக் கொண்டுவரவே தேவையில்லை. அங்கே பாராவியூவோடு வரும் பிவிசர்வர் என்ற நிரலை ஓட விட்டு, இங்கிருந்து பாராவியூவால் இணைந்து பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு நாளையே தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கால்குலிக்ஸ் என்ற இலவச ஃபைனைட் எலிமெண்ட் சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறேன். பாராவியூ அதன் ரிசல்ட்டைத் திறக்கவில்லை. வேறு எது நல்லது?

கால்குலிக்ஸ் எழுதும் எஃப்.ஆர்.டி. கோப்பு பாராவியூவுக்குப் புரியாது. சி.சி.எக்ஸ்.டூபாராவியூ என்ற இலவசக் கருவி டெர்மினலிலிருந்தே அதை வி.டி.யு.வாக மாற்றிக் கொடுக்கும். மாற்ற விருப்பமில்லை என்றால் கால்குலிக்ஸோடு வரும் சி.ஜி.எக்ஸ். என்ற படம் பார்க்கும் நிரல் இருக்கிறது, கட்டளைகளைக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் படம் எடுத்துத் தரும். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பைதான் தெரிந்தவர்களுக்கு, அதிலேயே படம் வரையும் பைவிஸ்டா கைக்கு அடக்கமாக இருக்கும். எம்.எஃப்.இ.எம். என்ற ஃபைனைட் எலிமெண்ட் லைப்ரரியில் நிரல் எழுதுகிறவர்கள் அதற்கான படம் பார்க்கும் கருவியான ஜி.எல்.விஸ் எடுத்துக்கொள்ளலாம். எல்லாமே இலவசம்.

கேள்வி: ஒரு பயிற்சி மையத்தில் ‘பாராவியூ ஒரு வருட லைசென்ஸ்’ என்று ₹4,500 வாங்கினார்கள். இப்போது புதுப்பிக்கச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். பாராவியூ பி.எஸ்.டி. என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, அதற்கு வருடக் கெடுவே கிடையாது. சொல்லிக்கொடுத்ததற்கும் இன்ஸ்டால் செய்ததற்கும் அவர்கள் கட்டணம் வாங்கலாம், அதில் தவறில்லை. இல்லாத லைசென்ஸுக்கு வாங்கினால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘லைசென்ஸ்’ என்றே இருந்தால் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில்லே தரவில்லை என்றால் பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவையும், புதுப்பிக்கச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.