செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொருளாளருக்கு

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் சிவில் இன்ஜினியர்களுக்குப் பதிவு பெற்ற சங்கம் ஒன்று இருக்கிறது. போன வருடம் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். சம்பளமோ படியோ கிடையாது, சேவைதான். செக்கில் செயலாளரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நான் சைட் சைட்டாக அலைகிறவன் என்பதால் ஒரு செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன். கட்டுமானக் கண்காட்சிக்குப் பந்தலும் ஸ்டாலும் போட்டவருக்குக் கொடுத்த நான்கு லட்ச ரூபாய் செக், கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிட்டது. இப்போது சங்கத்துக்கும் செயலாளருக்கும் எனக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. விசாரித்தால், பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு வருடக் கணக்கே தாக்கல் ஆகவில்லையாம். சங்க வாட்ஸ்அப் குழுவில் ராஜினாமா என்று போட்டுவிட்டேன். இதோடு என் பொறுப்பு முடிந்ததா?

பதில்: முடியவில்லை. ராஜினாமாவைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த நோட்டீஸ் எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது என்று பாருங்கள். அன்றிலிருந்து 15 நாள்தான் உங்களுக்கு. அதற்குள் செக் தொகை போய்ச் சேர்ந்துவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கே கிடையாது. போகவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் பந்தல்காரர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

"சம்பளம் வாங்காமல் சேவை செய்தவன், என்னை எப்படிப் பிடிக்கலாம்" என்று நினைப்பீர்கள். நியாயமான வருத்தம்தான், ஆனால் இந்தச் சட்டம் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் செக் திரும்பினால் அதன் பொறுப்பாளர்களையும் சேர்த்துப் பிடிப்பது அதே சட்டத்தின் 141-வது பிரிவு. அது கம்பெனிக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதன் விளக்கத்திலேயே தனிநபர்கள் சேர்ந்த சங்கமும் அடங்கும் என்று இருக்கிறது. சும்மா செயற்குழு உறுப்பினராக இருப்பவரைச் சேர்க்க வேண்டுமானால், அவர் அன்றாட நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர் என்று புகாரிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். செக்கில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை, இதை உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. வெற்றுச் செக்கில்தானே கையெழுத்துப் போட்டேன் என்ற வாதமும் பெரிதாக எடுபடாது. விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்காக இருந்தாலும் அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும், அப்படியில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம்தான் என்று 2019-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. உங்கள் விஷயத்தில் பந்தல் போட்டது உண்மை, பாக்கி உண்மை, அதனால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எனவே இந்த 15 நாளில் செய்ய வேண்டியது பணத்துக்கு வழி. தலைவரிடம் எழுத்தில் கேட்டு அவசரச் செயற்குழுவைக் கூட்டச் சொல்லுங்கள், பாக்கியைக் கட்டத் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள். கணக்கில் பணம் இல்லையென்றால் உறுப்பினர் யாராவது சங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கலாம், ஆனால் வங்கி வழியாக. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வருமான வரித் துறை தனியாகக் கேள்வி கேட்கும். அதுவும் முடியாவிட்டால் பந்தல்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது காசு, உங்களைக் கோர்ட் வாசலில் நிறுத்துவது இல்லை. தவணைக்கு ஒத்துக்கொண்டால் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். வழக்கே வந்துவிட்டாலும் எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்ய 147-வது பிரிவு இடம் தருகிறது, ஆனால் தாமதமாகத் தாமதமாகச் செலவு ஏறும், விசாரணையின்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதிலும் அனுப்புங்கள், சும்மா இருந்துவிடாதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மிச்சமிருக்கும் செக்குகள். அந்தப் புத்தகத்தில் எத்தனை இலை போயிருக்கிறது, எத்தனை செயலாளர் மேசையில் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. இன்றே வங்கிக்குப் போய் ஸ்டேட்மென்ட் வாங்கி, இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாத செக் எண்களைக் குறித்து, பணம் தர வேண்டாம் என்று கடிதம் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே யாருக்காவது பாக்கிக்காகக் கொடுத்த செக்கை இப்படி நிறுத்தாதீர்கள், நிறுத்தினாலும் 138 வரும். ஒவ்வொரு செக்குக்கும் வவுச்சர் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத ஆளுக்குப் பணம் போயிருந்தால் அது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு. ஆனால் ஆதாரம் கையில் வரும்வரை செயலாளரைத் திருடன் என்று குழுவில் எழுதிவிடாதீர்கள், அப்புறம் அவதூறு வழக்குக்கும் நானே பதில் எழுத வேண்டியிருக்கும்.

சரி, ராஜினாமா. உங்கள் பைலாவில் ராஜினாமாவை யாரிடம் கொடுக்க வேண்டும், யார் ஏற்க வேண்டும் என்று இருக்கும், அதன்படி தலைவருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி சாட்சியமாகப் பயன்படலாம், ராஜினாமாவாக அதை மட்டும் நம்ப வேண்டாம். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்கு ஏழாம் படிவம் போக வேண்டும், அது செயலாளர் கையில் இருப்பதால் நீங்களும் மாவட்டப் பதிவாளருக்கு நேரடியாக ஒரு நகல் அனுப்பிவிடுங்கள், வங்கிக்கும் ஒன்று. இருந்தாலும் ராஜினாமா முன்தேதிக்குப் போகாது. ஏற்கெனவே போட்ட கையெழுத்து உங்களைத் தேடி வரும், ராஜினாமா தேதியை நீதிமன்றத்தில் வாதமாகத்தான் வைக்க முடியும். என் யோசனை கேட்டால், கணக்கு ஒப்படைக்கும்வரை பதவியில் இருங்கள். பொருளாளராக இருக்கும்போது செயலாளரிடம் கணக்குக் கேட்கலாம், வெளியே வந்த பிறகு கெஞ்ச வேண்டியதுதான்.

தாக்கல் ஆகாத கணக்கு விஷயம் அவ்வளவு பயங்கரம் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் 16-வது பிரிவுப்படி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வரவு செலவு, ஐந்தொகை, உறுப்பினர் பட்டியல் போக வேண்டும். விட்டுப்போன வருடங்களுக்குத் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லித் தாக்கல் செய்யப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் வருவதற்கு முந்தைய வருடக் கணக்கில் மட்டும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செயலாளர் புத்தகத்தையே காட்டவில்லை என்றால் அதே சட்டத்தின் 36-வது பிரிவு இருக்கிறது. செயற்குழுவில் பெரும்பான்மையோ, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கோ மனுக் கொடுத்தால் சங்கத்தின் நிதி நிலையைப் பதிவாளர் விசாரிக்கலாம். யார் உண்மையான நிர்வாகி என்ற தகராறாக அது மாறினால் மட்டும் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், பதிவாளர் தீர்த்து வைக்க முடியாது.

உள்ளூர் வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸ், அது வந்த கவர், பைலா, வங்கி ஸ்டேட்மென்ட், உங்களைப் பொருளாளர் ஆக்கிய தீர்மானத்தின் நகல் எல்லாம் எடுத்துப் போங்கள். கவரைத் தூக்கிப் போட்டிருந்தால் தபால் எண்ணை வைத்து டெலிவரி ஆன தேதியை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், அந்த 15 நாளை அதிலிருந்துதான் எண்ண வேண்டும்.