பக்கவாட்டில் ஒரு முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் கிர்லாந்தாயோ வரைந்த ஜியோவன்னா என்ற பெண்ணின் உருவப்படத்தை ஓர் ஓவிய நூலில் பார்த்தேன். நம்மை ஏறிட்டும் பாராமல் நிமிர்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்தது செல்வச் செருக்கு. என் மனைவியோ அது அடக்கம் என்று சாதிக்கிறார். உருவப்படத்தைக் கொண்டு ஒருவருடைய குணத்தையும் அந்தஸ்தையும் எவ்வளவு தூரம் சொல்லிவிட முடியும்?

க.

அன்புள்ள க.,

அந்தஸ்தைத் தாராளமாகச் சொல்லலாம். நாம் படித்தறிய வேண்டும் என்பதற்காகவே அது வரையப்பட்டிருக்கிறது. ஃபிளாரன்ஸின் அல்பிட்ஸி குடும்பத்தில் பிறந்த ஜியோவன்னா, 1486இல் லொரென்சோ தோர்னபுவோனிக்கு வாழ்க்கைப்பட்டவர். பெண்களின் நகைக்கும் துணிக்கும் சட்டம் போட்டு வரம்பு கட்டிய அந்த நகரத்தில், பொன்னிழை நெய்த மேலாடையும் மார்பில் தொங்கும் பதக்கமும் யார் வீட்டு மருமகள் என்பதை உரக்கவே அறிவிக்கின்றன. தோளருகே ஆடையை உற்றுப் பாருங்கள்: கணவர் பெயரின் முதலெழுத்து அங்கே நெய்யப்பட்டிருக்கிறது.

குணத்தைப் பொறுத்தவரை நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான். ஆனால் அந்தப் பக்கவாட்டுத் தோற்றம், ஃபிளாரன்ஸ் ஓவியர்கள் மேட்டுக்குடிப் பெண்களை வரையப் பல பத்தாண்டுகளாகக் கைக்கொண்டிருந்த வழக்கம். அதில் செருக்கைக் கண்டாலும் அடக்கத்தைக் கண்டாலும் அதை ஜியோவன்னாவின் கணக்கில் எழுத முடியாது. மேலும், படத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும் 1488ஆம் ஆண்டில், மீண்டும் கருவுற்றிருந்த நிலையில், அவர் இறந்துபோனார். படம் அதன் பிறகே வரையப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. இதே முகத்தை இதே கோணத்தில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் சுவரோவியத்திலும் கிர்லாந்தாயோ நிறுத்தியிருக்கிறார். ஆகவே நீங்களும் உங்கள் மனைவியும் வழக்காடுவது ஒரு பெண்ணின் சுபாவத்தைப் பற்றியல்ல, இறந்த மருமகளை உலகம் எப்படி நினைவுகூர வேண்டும் என்று புகுந்த வீட்டார் விரும்பினார்களோ அதைப் பற்றி என்றே நான் நினைக்கிறேன். பின்னால் உள்ள மாடத்தில் நகைக்கும் பிரார்த்தனைப் புத்தகத்துக்கும் ஒருசேர இடம் கொடுத்திருப்பதைக் கவனித்தால், உங்கள் இருவர் கட்சிக்கும் அவர்களே சாட்சி வைத்துவிட்டுப் போயிருப்பது புரியும்.

உங்கள் கேள்விக்கான பதில் படத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கழுத்துக்குப் பின்னால், பவள மணிமாலைக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டப்பட்டதுபோல் வரையப்பட்டிருக்கிறது. அதிலுள்ள லத்தீன் வரிகளின் பொருள் ஏறத்தாழ இது: "கலையே, ஒழுக்கத்தையும் மனத்தையும் தீட்ட உன்னால் இயலுமானால், உலகில் இதைவிட அழகிய ஓவியம் இராது." ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் வரிகளைச் சற்றே மாற்றி எழுதியிருக்கிறார்கள். மார்ஷியல் அவற்றைப் பாடியது ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து அல்ல; மார்க்கஸ் அந்தோனியஸ் பிரைமஸ் என்ற ஆணின் படத்தைப் பார்த்து.