‘டியர்டிராப்’ பிடித்தவர் அடுத்து எதைக் கேட்கலாம்?

மாஸிவ் அட்டாக் குழுவின் ‘டியர்டிராப்’ பாடல் பிடித்துப்போய் எலக்ட்ரானிக் இசையைத் தேடினால் நடன அரங்கின் வேகத் தாளமாகவே வருகிறது, பெண் குரலோடு மெதுவாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ‘எலக்ட்ரானிக்’ என்று தேடாமல் ‘டிரிப்-ஹாப்’ என்று தேடுங்கள். 1990களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வளர்ந்தது அது. ஹிப்-ஹாப் தாளத்தின் வேகத்தைக் குறைத்து, சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உணர்ச்சிமிக்க பாடல் வகை), டப் (எதிரொலி நிறைந்த ஜமைக்க இசை) இரண்டையும் கலந்தது.

முதலில் போர்டிஸ்ஹெட் குழுவின் ‘டம்மி’ ஆல்பம் (1994). பெத் கிப்பன்ஸ் பாடுவதைக் கேட்டால், பக்கத்து அறையில் யாரோ அழுகையை அடக்கிக்கொண்டிருப்பது போலிருக்கும். தாங்களே வாசித்ததை இசைத்தட்டில் ஏற்றி, வேண்டுமென்றே தேய்த்துப் பழசாக்கி, அதிலிருந்து சாம்பிள் (புதுப் பாட்டில் சேர்க்கும் ஒலித் துணுக்கு) எடுத்தவர்கள் இவர்கள். அந்தக் கரகரப்பை ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். ‘டம்மி’யின் கடைசிப் பாடல் ‘குளோரி பாக்ஸ்’. அதில் வரும், சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸின் அதே துணுக்கை இன்னொரு பிரிஸ்டல் கலைஞரான டிரிக்கியும் ‘மேக்ஸின்கே’ (1995) ஆல்பத்தில் எடுத்தாண்டிருக்கிறார். அந்த ஆல்பத்தில் மார்ட்டினா டாப்லி-பேர்டின் அலட்சியமான குரல்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

இவ்வளவு இருள் வேண்டாமென்றால் மோர்ச்சீபாவின் ‘பிக் காம்’ (1998). ஸ்கை எட்வர்ட்ஸ் பாடியது; சமைத்துக்கொண்டே கேட்கலாம்.

உங்களை இழுத்தது தாளமல்ல, அந்தக் குரல்தான் என்றால் வழி வேறு. ‘டியர்டிராப்’ பாடியவர் எலிசபெத் ஃபிரேசர். அவருடைய காக்டோ ட்வின்ஸ் குழுவின் ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’ (1990) கேளுங்கள். அது டிரிப்-ஹாப் அல்ல; வரிகள் பாதி புரியாது, பரவாயில்லை. போர்டிஸ்ஹெட்டின் ‘தேர்ட்’ மட்டும் இப்போது வேண்டாம், முரட்டு ஆல்பம்.