பயம் எத்தனை சதவீதம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் இரவில் பைக்கில்தான் வீடு திரும்புவான். பத்து நிமிடம் போனை எடுக்காவிட்டால் விபத்து என்றே மனம் முடிவு கட்டிவிடுகிறது. 'அறிவோடு யோசி' என்கிறார் கணவர். யோசித்தும் படபடப்பு அடங்கவில்லையே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: யோசித்ததும் அடங்கிவிடாது. அது உங்கள் குறையும் அல்ல. பயந்த மனம் பயத்துக்குச் சாதகமானதை மட்டுமே தேடி எடுக்கும். அதனால்தான் 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் வடிவமைத்த சிகிச்சை முறையில், இன்று சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) என்று மனநல மருத்துவர்கள் சொல்வதில், எண்ணங்களை எழுதிப் பார்ப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதியும் நேரமும், நடந்தது (போன் எடுக்கவில்லை), மனம் சொன்னது (விபத்து), அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன், கடைசியில் தெரியவந்தது. முதல் நான்கையும் மகன் திரும்ப அழைப்பதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். அவன் குரலைக் கேட்டபிறகு எழுதினால், 90 சதவீதம் நம்பியது 40 போலத் தோன்றும். ஒரு மாதம் கழித்து, 80-க்கு மேல் எழுதிய நாட்களை மட்டும் எண்ணி, அவற்றில் எத்தனை முறை விபத்து நடந்தது என்று பாருங்கள். கணவர் சொல்லி அடங்காத மனம், தன் கையெழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகும்.

'ஒன்றும் ஆகாது' என்று எழுதி வைக்காதீர்கள். அது உறுதியாகத் தெரியாத விஷயம், மனம் நம்பாது. 'வண்டி ஓட்டும்போது அவன் போனை எடுக்கக் கூடாது, எடுக்காததே நல்லது' என்பது உண்மை. அதை எழுதலாம்.

அடுத்தது, விடாமல் அழைப்பது. அழைத்து நிம்மதி அடையும் ஒவ்வொரு முறையும், 'அழைத்தால்தான் இந்தப் பயம் போகும்' என்று மனம் பழகிக்கொள்கிறது. அடுத்த நாள் பயம் இன்னும் சீக்கிரம் வரும். முதல் வாரம் 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள், அடுத்த வாரம் 20, பிறகு 30. படபடப்பு ஏறி, ஒன்றும் செய்யாமலே இறங்குவதை உடல் அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒன்றுக்குப் பதிலாக எந்த வாதமும் உதவாது.

ஒரு எச்சரிக்கை. பூட்டையும் கேஸ் அடுப்பையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் ஓ.சி.டி. என்ற மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் இந்த நோட்டைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம். ஆதாரம் தேடி எழுதுவதே அவர்களுக்கு இன்னொரு சடங்காகிவிடும். பயிற்சி பெற்ற உளவியல் நிபுணரின் துணை தேவை. உங்களுக்கும் தூக்கமோ சாப்பாடோ அன்றாட வேலையோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இரண்டு அளவுகள் தடித்த எழுத்தில் வந்திருக்கின்றன. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. பயமாக இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: பல பரிசோதனைகளுக்கு 'நார்மல்' எல்லையை வகுக்கும்போது, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அதற்குள் அடங்கும்படி வகுக்கிறார்கள். மீதி 5 சதவீதம் பேர் ஆரோக்கியமாகவே வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்தால், எல்லாமே எல்லைக்குள் வரும் வாய்ப்பு 36 சதவீதம்தான். அதாவது நோயே இல்லாத ஒருவருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

சர்க்கரைக்கும் கொலஸ்டிராலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுச் சமாதானம் அடையாதீர்கள். அவற்றின் எல்லைகள் பிற்கால நோய் அபாயத்தை வைத்து வகுத்தவை. மற்றவற்றுக்கு மருத்துவரிடம் மூன்று கேள்வி: எல்லையை எவ்வளவு தாண்டியிருக்கிறது, பழைய ரிப்போர்ட்டில் எவ்வளவு இருந்தது, எப்போது திரும்ப எடுக்க வேண்டும்? பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பல நேரம் பதில் அதில்தான் இருக்கும்.

கேள்வி: 10 சதவீத ஃபிளாட் வட்டியில் கடன் தருகிறார்கள். வங்கியில் 14 சதவீதம். ஃபிளாட்தானே லாபம்?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. 1 லட்சம் ரூபாய், 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட்டில் மாதம் 9,167 ரூபாய் கட்டுவீர்கள். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம். வங்கியின் 14 சதவீதம் குறையும் அசலுக்குத்தான் என்றால், மாதத் தவணை 9,000-க்குக் கீழே வரும். கையெழுத்துப் போடும் முன் கே.எஃப்.எஸ். என்ற விவரத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் ஏ.பி.ஆர். (கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம்) என்ற எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் கட்சி 2 சதவீதம் முன்னிலை என்கிறது ஒரு கருத்துக்கணிப்பு. தம்பி அதைப் பொய் என்கிறான். வீட்டில் தினமும் சண்டை. எதை நம்புவது?
– வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். முறையாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேர் என்றாலும் ஒவ்வொரு கட்சியின் எண்ணும் 3 சதவீதம் வரை மேலோ கீழோ போகலாம். அப்படியானால் 2 சதவீத முன்னிலையை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. 10,000 பேர் என்றால் மாநில அளவில் பிழை குறையும். ஆனால் 234 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு 43 பேர்தான், பிழை 15 சதவீதத்தை எட்டும். 'இந்தத் தொகுதியில் இவர்' என்று அந்தக் கணிப்பை வைத்துச் சொல்வது வெறும் ஊகம்.

வாக்கை இடமாக மாற்றும்போது தவறு இன்னும் பெரிதாகும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத வாக்கில் 39-ல் 37 இடம் வென்றது. ஏறக்குறைய 24 சதவீதம் பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. எதிரணி வாக்குகள் எப்படிச் சிதறுகின்றன என்பதைச் சொல்லாத கணிப்பில் இட எண்ணிக்கையை ஒதுக்கிவிடுங்கள்.

தம்பியோடு பேச ஒரு வழி உண்டு. அடுத்த கணிப்பு வரும் முன்பே இருவரும் உட்கார்ந்து, எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று எந்தெந்த விவரம் இருந்தால் அதை ஏற்பீர்கள் என எழுதிக்கொள்ளுங்கள். எண்களைப் பார்த்தபிறகு விதியை மாற்றக் கூடாது. உங்கள் கட்சி பின்தங்கியிருந்தாலும் அதே விதிதான். தொகுதிவாரியாக யார் வெல்வார், அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று இருவரும் எழுதி மடித்து வைத்து, வாக்கு எண்ணிக்கை அன்று பிரித்துப் பாருங்கள். ஒரு தேர்தல் போதாது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதையே செய்யுங்கள்.