மகள் ஏழாவது, மகன் யூகேஜி: ஷார்ஜாவில் எந்தப் பள்ளி?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறோம். கணவருக்குத் துபாயில் வேலை. வரும் ஏப்ரலில் நாங்களும் போய் ஷார்ஜாவில் குடியேறப் போகிறோம். நான்கைந்து வருடம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவோம். மகள் மெட்ரிக் பள்ளியில் ஏழாவது, மகன் யூகேஜி. பிரிட்டிஷ் பள்ளிதான் நல்லது என்கிறார்கள் சிலர். மகளை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் மாமனார். என்ன செய்யலாம்?

பதில்: நான்கு வருடமா, ஐந்து வருடமா என்பதை முதலில் கணவருடன் உட்கார்ந்து பேசுங்கள். மகள் விஷயத்தில் பள்ளியின் பெயரைவிட அதுதான் முக்கியம். ஏப்ரலில் எட்டாவது சேர்ந்தால் மூன்று வருடத்தில் பத்தாவது முடியும், ஐந்து வருடத்தில் பன்னிரண்டாவது. நான்கு வருடத்தில் திரும்பினால் பதினொன்றாவதோடு வந்து நிற்பாள். சிபிஎஸ்இயில் ஒன்பது-பத்தும், பதினொன்று-பன்னிரண்டும் இரண்டிரண்டு வருடப் படிப்புகள். நேராகப் பத்திலோ பன்னிரண்டிலோ சேர்வதற்குப் பெற்றோரின் இடமாற்றம் போன்ற காரணம் காட்டி, வாரியத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். ஆகவே மூன்று அல்லது ஐந்து. வேலை நடுவில் முடிகிற மாதிரி இருந்தால், பத்தாவது முடிந்ததும் நீங்கள் பிள்ளைகளோடு முன்னால் வந்துவிடுங்கள். கடலூரிலும், பஸ் தூரத்தில் புதுச்சேரியிலும் சிபிஎஸ்இ பள்ளிகள் உண்டு.

ஊருக்குத் திரும்புவது உறுதி என்பதால் மகளுக்கு சிபிஎஸ்இதான் என் பரிந்துரை. பிரிட்டிஷ் பாடத்திட்டம் தரத்தில் குறைந்ததில்லை. ஆனால் அதன் கடைசி இரண்டு வருடமான ஏ லெவலில் (நம் பதினொன்று-பன்னிரண்டு மாதிரி) பெரும்பாலும் மூன்று பாடம்தான் எடுப்பார்கள். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். அப்படியென்றால் பதினாறு வயதிலேயே ஒரு பக்கக் கதவை மூடச் சொல்கிறோம். அதற்கு மேல், அந்தப் படிப்பு நம் பன்னிரண்டாவதுக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைச் சான்றிதழ் வாங்க வேண்டும். எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும், வெளிநாட்டில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் நேட்டிவிட்டி சான்றிதழ் (தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான சான்று) கேட்பார்கள். குடும்ப ஆவணங்களை இங்கே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள்.

மாமனாரின் கவலை எனக்குப் புரிகிறது. அவள் இப்போது ஒன்பதாவது முடித்திருந்தால் நானும் அவர் பக்கம்தான் நின்றிருப்பேன். எட்டாவது போகிற பெண்ணை, வளர்கிற வயதில், அம்மா அப்பா இருவரையும் விட்டு இருக்கச் செய்ய வேண்டாம். கூட்டிக்கொண்டு போங்கள்.

அங்கே அவளுக்குச் சிரமம் மொழியில்தான் வரும். அமீரகத் தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புவரை அரபி கட்டாயம். கூடவே இரண்டாம் மொழி. இந்தியும் மலையாளமும் பிரெஞ்சும் பரவலாகக் கிடைக்கும். தமிழ் சில பள்ளிகளில்தான். எட்டாவதில் புதிதாக இந்தி தொடங்கினால், ஒன்றாவதிலிருந்து படித்த பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும். அதனால் பள்ளிக்கு போன் செய்யும்போது ஃபீஸைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேளுங்கள்: பத்தாவதுவரை தமிழ் உண்டா? இல்லையென்றால், புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா?

மகனுக்கு இதே விஷயம் வேறு மாதிரி வரும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாவதுவரை தமிழ் கட்டாயப் பாடம். சிபிஎஸ்இ பள்ளிகளிலும் 2015-16இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்திருக்கிறது. அங்கே தமிழே படிக்காமல் ஐந்தாவதுவரை போய்விட்டு இங்கே ஆறாவதில் உட்கார்ந்தால், கணக்கில் கெட்டிக்காரப் பையன்கூடத் தமிழ்ப் பரீட்சையில் திணறுவான். வீட்டில் தமிழ் பேசுவது மட்டும் போதாது, எழுத வேண்டும். தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகமும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று பாடங்கள் வைத்திருக்கிறது. தினமும் அரை மணி நேரம், விடுமுறையிலும் விடாமல்.

அவன் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஐந்து வயது முடிந்தாலே ஒன்றாம் வகுப்பு. அமீரகத்தில் ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளில், மார்ச் 31க்குள் ஆறு முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யூகேஜியை இன்னொரு முறை படிக்கச் சொல்வார்கள். வருத்தப்படாதீர்கள், ஒரு வயது கூடிப் போவது அவனுக்கு நல்லதுதான்.

வீட்டை வாடகைக்குப் பிடிக்கும் முன் பள்ளியை முடிவு செய்யுங்கள். ஷார்ஜாவில் 2022 முதல் பள்ளி வாரத்துக்கு நான்கு நாள், துபாயில் வெள்ளி அரை நாளோடு ஐந்து நாள். வீடு ஒரு ஊரிலும் பள்ளி இன்னொரு ஊரிலும் என்றால், நெரிசலில் பஸ் பயணமே பிள்ளைகளைக் களைக்க வைத்துவிடும். சில இந்தியப் பள்ளிகளில் பெண்களுக்குக் காலை, பையன்களுக்கு மதியம் என்று ஷிஃப்ட் உண்டு; அங்கே சேர்த்தால் உங்கள் நாள் முழுக்க பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே போகும். பிள்ளைகளின் படிப்புக்கு நிறுவனம் தரும் கல்விப்படி எத்தனை பிள்ளைகளுக்கு, பஸ் கட்டணமும் அதில் சேருமா என்று கணவர் நிறுவனத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். சின்ன வகுப்புகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். மகளின் டிசிக்குக் கல்வித்துறை மேலொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், கடைசியில் அமீரகத் தூதரகம் என்று இதே வரிசையில் சான்றொப்பம் வாங்க வேண்டும். ஆண்டுத் தேர்வு முடிகிற தேதிக்கும் அங்கே வகுப்பு தொடங்கும் தேதிக்கும் இடைவெளியே இருக்காது. டிசி பின்னால் வந்தாலும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்களா என்று அந்தப் பள்ளியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.