சொந்தமாக ஒரு பேட்ச்கூட எழுதாதவர் கர்னல் நெட்வொர்க்கிங் மாற்றங்களை ரிவ்யூ செய்யலாமா?

சேலத்தில் இருந்துகொண்டே லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் நெட்வொர்க்கிங் பகுதிக்கு வரும் மாற்றங்களை ரிவ்யூ செய்ய முடியுமா, இதுவரை ஒரு பேட்ச்கூட (நிரலில் செய்யும் மாற்றத்தை முன்மொழியும் கோப்பு) அனுப்பாதவருக்கு அந்தத் தகுதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், உண்டு. நீங்கள் இங்கே ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, பெங்களூருக்குப் போனால்தான் இத்தகைய வேலை கைக்கு வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் தகுதி பற்றி. நெட்வொர்க்கிங் பகுதிக்கென்று கர்னலோடு சேர்ந்தே வரும் வழிகாட்டி ஆவணம், அனுபவம் எந்த அளவில் இருந்தாலும் பிறருடைய பேட்சுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று வெளிப்படையாகவே ஊக்குவிக்கிறது. அதே ஆவணம் இன்னொன்றையும் சொல்கிறது: வரி அமைப்பு, குறிச்சொற்கள் போன்ற மேலோட்டமான விஷயங்களோடு நின்றுவிடாமல் ஆழமாகப் பாருங்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளூர் மாறிகளை நீளமான வரி முதலில், குட்டையான வரி கடைசியில் என்று அடுக்கும் வழக்கம் நெட்வொர்க்கிங் கோப்புகளில் உண்டு. அது தவறியிருந்தால் சுட்டிக்காட்டலாம்தான். ஆனால் அதை மட்டும் எழுதி அனுப்புவதை ரிவ்யூ என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் அழகாபுரத்தில் வசிக்கிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டில் இருக்கும் எஸ்டேட்டுகளுக்கும் விடுதிகளுக்கும் ரேடியோ வழியாக இணைய இணைப்புக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் ரவுட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. மலைமேல் இருக்கும் வாடிக்கையாளர்களின் பாக்கெட்டுகளை ஒரு டனலுக்குள் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் முறை) இட்டுக் கீழே கொண்டுவருகிறோம். இரு முனைகளிலும் லினக்ஸ்தான். அந்த டனல் டிரைவரில் உலகின் எந்த மூலையில் யார் எதை மாற்றினாலும் அது ஒருநாள் எங்கள் ரவுட்டருக்கு வந்து சேரும் என்பதால், அந்த ஒரு கோப்பைத் தொடும் பேட்சுகளை மட்டும் விடாமல் வாசித்துவந்தேன். கர்னல் முழுவதையும் அறிந்த பிறகு தொடங்கவேண்டும் என்று காத்திருந்தால் நான் இன்றும் தொடங்கியிருக்க மாட்டேன்.

அப்படி வாசித்துவந்தபோது, கர்னலில் நீண்டகாலம் உழைத்த ஒருவர் அனுப்பிய பேட்ச் வந்தது. டனல் ஹெடருக்கு, அதாவது பாக்கெட்டின் தலைப்புத் தகவலுக்கு, பின்னால் வரும் விருப்பப் பகுதியைப் (ஆப்ஷன்களை) படிப்பதற்கு முன் அதன் நீளம் முழுவதும் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது அதன் நோக்கம். நோக்கம் சரியானது, விளக்கம் தெளிவானது, சேர்த்திருந்த சில வரிகளிலும் குறை இல்லை. ஏற்கெனவே இரண்டு பேர் ஒப்புதல் தெரிவித்திருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. கர்னலுக்குள் ஒவ்வொரு பாக்கெட்டும் எஸ்கேபஃப் என்ற கட்டமைப்பில் பயணிக்கிறது. அதன் முன்பகுதி தொடர்ச்சியான ஒரே நினைவிடத்தில் இருக்கும்; மீதி தனித்தனிப் பக்கங்களில் துண்டுகளாக இருக்கலாம். ஒரு ஹெடரைப் படிக்குமுன் அது அந்தத் தொடர்ச்சியான பகுதிக்குள் இருக்கிறதா என்று பிஎஸ்கேபி_மே_புல் என்ற ஃபங்ஷனைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். ஹெடர் துண்டுகளில் கிடந்தால் அந்த ஃபங்ஷன் அதை முன்பகுதிக்குள் இழுத்துக்கொள்ளும்; முன்பகுதியில் இடம் போதவில்லை என்றால் புதிய நினைவிடம் ஒதுக்கி, இருப்பதை அங்கே நகலெடுத்துவிட்டுப் பழையதை விட்டுவிடும். ஆகவே அந்த அழைப்புக்கு முன் எடுத்து வைத்த பாயிண்டர்களை (நினைவிட முகவரிகளை) அதற்குப் பிறகு நம்பக் கூடாது. மறுபடி எடுக்க வேண்டும்.

மாறிய வரிகளைக் காட்டும் டிஃப் வழக்கமாக மாற்றத்துக்கு மேலே மூன்று வரிகளும் கீழே மூன்று வரிகளும்தான் காட்டும். நான் முழு ஃபங்ஷனையும் திறந்து வாசித்தேன். புதிய சரிபார்ப்புக்கு வெகு மேலே வெளி ஐபி ஹெடரின் பாயிண்டர் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. வெகு கீழே, நெரிசலைத் தெரிவிக்கும் இசிஎன் பிட்டுகளை அறிய அதே பாயிண்டர் பயன்பட்டது. நடுவில் இந்த பேட்ச் ஒரு பிஎஸ்கேபி_மே_புல் அழைப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அதாவது சேர்த்த வரிகள் சரி, பழைய வரிகளும் சரி, இரண்டும் சேர்ந்தால் தவறு. சாதாரணச் சோதனையில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் பெரும்பாலான டிரைவர்கள் ஹெடர்களை முன்பகுதியிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகின்றன.

சந்தேகத்தை மட்டும் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கேசான் என்ற நினைவகப் பிழை கண்டறியும் வசதியை இயக்கிக் கர்னலைக் கட்டி, கெமு என்ற மெய்நிகர் கணினியில் அதை ஓட்டி, டாப் என்ற மெய்நிகர் நெட்வொர்க் சாதனத்தின் வழியாகப் பாக்கெட்டை வேண்டுமென்றே துண்டுகளாக உள்ளே அனுப்பினேன். அதற்கான வசதி அந்தச் சாதனத்திலேயே இருக்கிறது. விடுவிக்கப்பட்ட நினைவிடம் படிக்கப்படுகிறது என்று கேசான் வரி எண்ணோடு சொன்னது. அந்த அறிக்கையையும், பாயிண்டரை எந்த இடத்தில் மறுபடி எடுக்கலாம் என்ற யோசனையையும் சேர்த்து எழுதினேன். அவர் மறுநாளே நன்றி தெரிவித்து, அடுத்த பதிப்பில் அதைத் திருத்தியதோடு, துண்டுப் பாக்கெட்டுக்கான சோதனை ஒன்றையும் சேர்த்து அனுப்பினார். நீங்கள் யார், எந்த நிறுவனம், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதைப் பெருமைக்காக எழுதுகிறேன் என்று யாராவது கீழே குறிப்பிடக்கூடும். பெருமைதான், மறுக்கவில்லை, ஆனால் இதைச் செய்ய எனக்குத் தேவைப்பட்டவை ஒரு மடிக்கணினியும், ஒரு கோப்பின் மீதான நெடுநாள் பழக்கமும் மட்டுமே என்பதற்காகவும் எழுதுகிறேன்.

இந்தத் துறையில் தவறுகள் பெரும்பாலும் டிஃப்புக்கு வெளியில்தான் இருக்கின்றன. 2019 ஜூன் மாதம் வெளியான சாக் பேனிக் என்ற டிசிபி பாதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எஸ்கேபஃபுக்குள் எத்தனை செக்மென்ட்டுகள் (அனுப்புவதற்காகப் பிரிக்கப்படும் தரவுத் துணுக்குகள்) இருக்கின்றன என்பதை 16 பிட் எண் ஒன்றில் வைத்திருந்தார்கள். அதன் உச்சம் 65,535. ஒரு எஸ்கேபஃபில் 17 துண்டுகள் இருக்கலாம், ஒவ்வொன்றும் 32 கிலோபைட் வரை போகலாம். எதிர்முனையில் இருப்பவர் எம்எஸ்எஸ் மதிப்பை, அதாவது ஒரு செக்மென்ட்டின் உச்ச அளவை, மிகக் குறைவாக 48 பைட் என்று அறிவித்தால், டிசிபி ஆப்ஷன்களுக்குப் போக ஒரு செக்மென்ட்டுக்கு 8 பைட் தரவுதான் மிஞ்சும். 17 துண்டுகளையும் எட்டெட்டு பைட்டாகப் பிரித்தால் 69,632. எண் வழிந்துவிடுகிறது, கர்னல் விழுந்துவிடுகிறது. 2009இல் வெளியான 2.6.29 முதல் இந்தக் குறை உள்ளே இருந்தது. அந்த 16 பிட் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது போதுமானதாகத்தான் தெரிந்திருக்கும். 17, 32, 8 ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களில் இருந்தவை. ஆகையால் ஓர் எண்ணிக்கையோ நீளமோ கண்ணில் பட்டால், இதன் உச்சத்தை யார் தீர்மானிக்கிறார்கள், நாமா அல்லது கம்பியின் மறுமுனையில் இருக்கும் முகம் தெரியாதவரா என்று கேட்டுப் பழகுங்கள்.

ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் காக்கும் லாக்குகளையும் அப்படியே பாருங்கள். பாக்கெட் வரும் பாதை, குறுக்கீட்டு வேலைகளின் தொடர்ச்சி ஓடும் சாஃப்ட்ஐஆர்க்யூ சூழலில் ஓடுகிறது, அங்கே தூங்கக்கூடிய (நடுவில் நின்று காத்திருக்கக்கூடிய) எந்த ஃபங்ஷனையும் அழைக்கக் கூடாது. அமைப்புகளை மாற்றும் பாதையோ ஆர்டிஎன்எல் என்ற நெட்வொர்க் அமைப்புகளுக்கான லாக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும், அங்கே தூங்கலாம். ஒரே ஃபங்ஷன் இரு பாதைகளிலிருந்தும் அழைக்கப்படுகிறதா என்பதை அதை அழைப்பவர்களைத் தேடிப் போய்த்தான் அறிய முடியும். பயனர் நிரல்கள் கர்னலோடு பேசும் நெட்லிங்க் வழியில் அவற்றுக்குத் தெரியும் பண்பு ஏதாவது புதிதாக வந்தால் இன்னும் நிதானமாகப் பாருங்கள். அது ஒருமுறை வெளியாகிவிட்டால் திரும்பப் பெறுவது ஏறக்குறைய இயலாது.

ரிவ்யூட்-பை என்ற வரியைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த வரியைக் கொடுப்பவர், தொழில்நுட்ப ரீதியாக ஆராய்ந்தேன், கண்ட குறைகளைத் தெரிவித்தேன், வந்த பதில்களில் நிறைவடைந்தேன் என்று உறுதிமொழி தருவதாகக் கர்னல் ஆவணம் வரையறுக்கிறது. நிரலில் பிழையே இல்லை என்ற உத்தரவாதம் அதில் இல்லை. ஆனால் பார்த்தேன் என்பது உண்மையாக இருக்க வேண்டும். பேட்ச் வந்த சில நிமிடங்களில், ஒரு கேள்வியும் இல்லாமல், அனுப்பியவரின் அலுவலகத் தோழரிடமிருந்தே அந்த வரி வந்து ஒட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அலுவலகத்துக்குள்ளேயே முன்கூட்டிப் பார்த்திருக்கலாம், எல்லாரையும் குறைசொல்லவில்லை. ஆனால் மறுபுறம் நடப்பதையும் சொல்லவேண்டும். பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் என்னிடம், நீங்கள் எழுதிய பேட்ச் எத்தனை என்று மட்டுமே கேட்டார்கள்; மேலே சொன்ன பிழையைக் கண்டுபிடித்த விவரத்தை எடுத்துச் சொன்னபோது, அது நீங்கள் எழுதிய நிரல் இல்லையே என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நெட்வொர்க்கிங் பராமரிப்பாளர்கள் ரிவ்யூ செய்ய ஆள் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்க, வேலை கொடுப்பவர்கள் அதை வேலையாகவே எண்ணாதது எனக்கு இன்றுவரை உறுத்தலாக இருக்கிறது. நீங்களும் இதை எதிர்கொள்வீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைத் தொடும் கோப்பைத் தேர்ந்தெடுங்கள்: வீட்டு ரவுட்டரின் ஈத்தர்நெட் டிரைவரோ, விஎக்ஸ்லேன் என்ற டனலோ, நெட்வொர்க்குகளை இணைக்கும் பிரிட்ஜோ. பிழைத்திருத்தங்கள் நெட் என்ற மரத்துக்கும் (நிரல் களஞ்சியத்துக்கும்) புதிய வசதிகள் நெட்-நெக்ஸ்ட் என்ற மரத்துக்கும் போகும். புதிய கர்னலுக்கான சேர்ப்புக் காலத்தில் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும், அந்த நாட்களைப் பழைய பேட்சுகளையும் அவற்றுக்கு வந்த கேள்விகளையும் வாசிக்கப் பயன்படுத்துங்கள். முதலில் பேட்சைப் போட்டு ஓட்டிப் பார்த்து, எந்தச் சாதனத்தில், எந்தச் சூழலில் ஓட்டினீர்கள் என்ற விவரத்தோடு, சோதித்தேன் என்று சொல்லும் டெஸ்டட்-பை வரியைக் கொடுங்கள். நேம்ஸ்பேஸ் எனப்படும் தனித்தனி மெய்நிகர் நெட்வொர்க்குகள் இரண்டும் அவற்றை மெய்நிகர் கம்பிபோல இணைக்கும் ஒரு வெத் இணையும் இருந்தால் மடிக்கணினியிலேயே நிறையச் சோதிக்கலாம். புரியாத இடத்தில் கேள்வியாகவே கேளுங்கள், ஆனால் நீங்கள் வாசித்த வரிகளைக் காட்டிக் கேளுங்கள். எந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதினால், டனல் தொடர்பானதாக இருக்கும்பட்சத்தில் நான் சோதனைக்குப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட்டைத் தருகிறேன்.