அடைபட்ட சிறுநீரகம்: ஸ்டென்ட்டா, பி.சி.என்.னா? கேள்வி பதில்

முதுநிலை மாணவர்: சார், யூரீட்டரில் (சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாயில்) 7 மி.மீ. கல், 39 டிகிரி காய்ச்சல், பி.பி. 90/60. யூராலஜிக்கா ரேடியாலஜிக்கா, யாருக்கு முதலில் போன் போடுவது?

பதில்: தேங்கிய சிறுநீரை யாரால் சீக்கிரம் வடிக்க முடியுமோ அவருக்கு. 1998இல் வெளிவந்த ஆய்வில் 42 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு டிஜே ஸ்டென்ட் (மூத்திரப்பை வழியே யூரீட்டருக்குள் வைக்கும் குழாய்), மறுபாதிக்கு பி.சி.என். (முதுகுப்பக்கம் ஊசி குத்தி நேராகச் சிறுநீரகத்தில் வைக்கும் குழாய்) போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் தணிவதிலும் வெள்ளணு குறைவதிலும் எதுவும் மேல் என்று வரவில்லை. வடிக்காமல் இழுத்தடிப்பதுதான் ஆபத்து. 2013இல் வந்த அமெரிக்கத் தரவில், கல் அடைப்போடு செப்சிஸ் (தொற்று உடல் முழுக்கத் தாக்கும் நிலை) வந்தவர்களில் வடிக்காமல் விடப்பட்டவர்கள் 19.2%, வடிக்கப்பட்டவர்கள் 8.8% இறந்திருந்தார்கள். பின்னோக்கிப் பார்த்த தரவுதான், ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

ரத்த கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எடுத்து, உடனே ஆன்டிபயாட்டிக், கூடவே திரவம். மருந்து போட்டாயிற்று, காலையில் பார்க்கலாம் என்று படுக்கப் போகாதீர்கள். அடைபட்ட சிறுநீரகம் சரியாக வடிகட்டாது. மருந்து சீழ் இருக்கும் இடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேராது.

கேள்வி: இரண்டுமே கைவசம் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ரத்தம் உறையாத நிலை, க்ளோபிடோக்ரெல் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஓடுகிறது, பெல்விஸ் (சிறுநீரகத்தில் சிறுநீர் சேரும் பை) விரியவில்லை, குப்புறப் படுக்க முடியாத உடல்வாகு: ஸ்டென்ட். மயக்க மருந்து தாங்காதவர், வெளியிலிருந்து அழுத்தும் புற்றுநோய், குடலில் சிறுநீர்ப்பாதை திருப்பிவிடப்பட்டவர், ஸ்டென்ட்டுக்கு வழிகாட்டும் கம்பி கல்லைத் தாண்டாதவர்: பி.சி.என். புற்றுநோய் அழுத்தத்தில் ஸ்டென்ட் போட்டால் உள்ளே இருந்தபடியே நசுங்கும். எக்ஸ்ரேயில் அழகாகத் தெரியும், சிறுநீர் மட்டும் வராது.

கேள்வி: பிளேட்லெட் 40,000. பி.சி.என். போடலாமா?

பதில்: 50,000க்கு மேல் வேண்டும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) 1.5-1.8க்குள். முதலில் ஸ்டென்ட்டை முயலுங்கள். முடியாவிட்டால் பிளேட்லெட் ஏற்றிக்கொண்டே ஊசி.

ரேடியாலஜி ரெசிடென்ட்: பி.சி.என். போட்ட அரை மணியில் கடும் குளிர் நடுக்கம் வருகிறது. எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் சிரிஞ்சில். அழுத்தத்தில் இருக்கும் சீழுக்குள் நீங்கள் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாயத்தையும் தள்ளினால், பாக்டீரியா நேராக ரத்தக் குழாய்க்குள் போகும். சிறுநீரகக் கீழ்ப்பகுதியின் பின்பக்க காலிக்ஸை (பெல்விஸில் திறக்கும் சிறு கிண்ணத்தை) குறிவையுங்கள், 12வது விலா எலும்புக்குக் கீழே. பின்-பக்கவாட்டிலிருந்து 20-30 டிகிரி சாய்வில் வந்தால் ரத்தக் குழாய் குறைந்த பகுதி கிடைக்கும். 18 கேஜ் ஊசியின் ஸ்டைலெட்டை உருவியதும் கலங்கலாக ஏதாவது துளிர்த்தால், முதலில் 10 மி.லி. உறிஞ்சுங்கள். அதுதான் கல்ச்சருக்கு, முழு அடைப்பில் மூத்திரப்பைச் சிறுநீர் சுத்தமாகவே வரலாம். சாயம், எடுத்ததைவிடக் குறைவாக, இடம் தெரிந்தால் போதும் என்ற அளவு. பிறகு 0.035 அங்குலக் கம்பி, விரிப்பான், 8 பிரெஞ்சு (குழாயின் தடிமன் அளவு) பிக்டெயில் (நுனி சுருண்ட குழாய்). கெட்டிச் சீழாக இருந்தால் 10. முழு நெப்ரோஸ்டோகிராம் (குழாய் வழியே சாயம் விட்டு எடுக்கும் படம்) காய்ச்சல் அடங்கிய பிறகு. உறிஞ்சாமல் சாயம் தள்ளாதீர்கள். மறுபடியும் சொல்ல வைக்காதீர்கள்.

ஓர் உறுப்பினர்: சார், ஆய்வு ஆயிரம் சொல்லட்டும். 6 பிரெஞ்சு ஸ்டென்ட்டில் சீழ் வடியாது. பையோநெப்ரோசிஸ் (சீழ் கட்டிய சிறுநீரகம்) என்றால் பி.சி.என். மட்டும்தான்.

பதில்: ஸ்டென்ட்டின் துளை வழியாக மட்டுமல்ல, அதன் ஓரமாகவும் வடியும். கெட்டிச் சீழில் அடைக்கும் என்பது சரி. அதற்காக 'மட்டும்தான்' என்று சட்டம் போடாதீர்கள்.

இன்னொருவர்: பி.சி.என். என்றால் பையைப் பார்த்தாலே தெரியும். ஸ்டென்ட் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: இது உருப்படியான வாதம். சந்தேகமான கேஸில் ஸ்டென்ட்டுக்குப் பதில் 6 பிரெஞ்சு யூரீட்டரிக் கதீட்டரைப் பெல்விஸ் வரை ஏற்றி, வெளியே கொண்டுவந்து பாலியோடு (மூத்திரப்பைக் கதீட்டரோடு) கட்டி, தனிப் பையில் விடுங்கள். வடிவது மணிக்கு மணி கண்ணில் படும். அடைத்தால் 5 மி.லி. சலைன் மெதுவாக. டிஜே போட்டாலும் பாலியை எடுக்காதீர்கள். மூத்திரப்பை நிரம்பினால் ஸ்டென்ட் வழியே அழுத்தம் மேலேறும். 24-48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் அல்ட்ராசவுண்ட் பாருங்கள், பெல்விஸ் இன்னும் விரிந்திருந்தால் பி.சி.என்.

முதல் உறுப்பினர்: ஆனால் கம்பியால் கல்லைத் தள்ளும்போது சீழ் ரத்தத்தில் ஏறுமே?

பதில்: முரட்டுத்தனமாகத் தள்ளினால் ஏறும். ஹைட்ரோபிலிக் கம்பி வழுக்கிக்கொண்டு போகட்டும். கதீட்டர் கல்லைத் தாண்டியதும் கம்பியை உருவி, சீழ் தானாகச் சொட்டும்வரை காத்திருங்கள். சலைன் பையை உயரத் தொங்கவிட்டு அழுத்தாதீர்கள். இரண்டு மூன்று முயற்சியில் போகாவிட்டால் நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறுங்கள். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவர்களின் நோயாளிதான் ஐ.சி.யு.வுக்குப் போகிறார்.

இன்னொருவர்: கம்பி போய்விட்டதே, அப்படியே கல்லையும் உடைத்துவிட்டால்?

பதில்: கூடாது. தொற்று அடங்கி, ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகுதான் கல்.

கேள்வி: பிளேட்லெட் 45,000, ஸ்டென்ட்டா பி.சி.என்.னா?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: ஒற்றைச் சிறுநீரகம், சிறுநீரே இல்லை, பொட்டாசியம் 6.9.

பதில்: குப்புறப் போடுவதற்கு முன் ஈ.சி.ஜி. மாற்றம் இருந்தால் கால்சியம் குளுக்கோனேட் 10% 10 மி.லி., பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். அடங்காவிட்டால் டயாலிசிஸ் முடித்து வடிப்பது. வடித்த பிறகு மணிக்கு 200 மி.லி.க்கு மேல் தொடர்ந்து இரண்டு மணி நேரம் போனால், போவதில் பாதியை மட்டும் ஈடுகட்டி, சோடியம், பொட்டாசியம் பாருங்கள். முழுதும் ஈடுகட்டினால் நீங்கள் ஏற்றுவதே மறுபடி சிறுநீராக ஓடும்.

கேள்வி: அப்பாவுக்கு முதுகில் போட்ட டியூப் இன்று காலை கழன்று விழுந்துவிட்டது. நாளை போனால் போதுமா?

பதில்: இப்போதே கிளம்புங்கள். புதுப் பாதை சில மணி நேரத்திலேயே மூடிக்கொள்ளும், பிறகு மறுபடி குத்த வேண்டும். நீங்களாக உள்ளே செருகாதீர்கள்; விழுந்த டியூபை எடுத்துப் போங்கள், அளவு தெரியும்.

கேள்வி: காய்ச்சல் லேசாகத்தான் இருக்கிறது சார், அதே அமர்வில் கல்லை...

பதில்: கூடாது என்றேன்.

கேள்வி: டிஜே எத்தனை நாள் விடலாம்?

பதில்: 3 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 4-6 வாரம்; அவர்களுக்கு உப்பு வேகமாகப் படியும். டிஸ்சார்ஜ் தாளில் தேதியை எழுதி, நோயாளியின் வாயாலும் ஒருமுறை சொல்ல வையுங்கள்.